தகடு

ஹம்டன் லேனில் சாறிக்கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
ஏறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.
அதையும் உடம்பில் சேர்ந்த நஞ்சென்றே
சொல்லச் சொல்லியிருக்கிறார் முதலாளியம்மா.

இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு கைப்பிடி ஆனையிறவு உப்பு,
நடுவில் சுருள் தகடு, சிவப்புப் பொத்தான்.
பத்தாம் நிமிடம் தேயிலைச் சாயம்.
இருபதாம் நிமிடம் வெள்ளவத்தைக் கால்வாய்.
"பாத்தீங்களா, எவ்வளவு வெளியில வந்திருக்கு!"
சுவரில் லேமினேட் செய்த படம்:
கறுப்பென்றால் ஈரல், செம்மஞ்சள் மூட்டு,
நுரை கட்டினால் நிணநீர்.
நிணநீர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

போன போயாவுக்கு முதல்நாள், கடை பூட்டியபின்,
இரண்டு கோழிக்கூட்டுப் பழங்களைப் பேசினில் போட்டு
பொத்தானை அமத்தினேன்.
அரை மணியில் அதே சாயம், அதே கசடு.
படத்தின்படி
வாழைப்பழத்துக்கும் ஈரல் பழுது.
பழத்தை எடுத்துவிட்டு, தண்ணீரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
வெறும் தண்ணீருக்கும் பழுது.
தகட்டைத் துடைக்கும்போது விளங்கியது:
இந்த அறையில் எதையாவது இழப்பது
இது ஒன்றுதான்.

சொல்லவில்லை. அறை வாடகை இருபதாம் திகதி.
கால் மணி நேரமாவது கதிரையில் சாய்ந்து
கண் மூடுகிறார்களே, அதற்கென்று
மனதுக்குள் ஒரு பில் போட்டு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை புவனலோஜினி அன்ரி வந்தா,
பாமன்கடையிலிருந்து, இரண்டு பஸ் மாறி.
"இது செய்யத் தொடங்கினாப்பிறகு
சீனிக் குளிசையைப் பாதியாக்கிட்டன் பிள்ளை."
சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினா.
வலது காற் சின்னவிரலுக்குக் கீழே
ஐந்து சத நாணயமளவு புண்.
தொட்டேன். தெரியவில்லை அவவுக்கு.
மேசையின் மறுபக்கத்தில் உள்ளதைத் தொட்டதுபோல
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா.

புண்ணோடு கால் வைக்கக் கூடாதென்று சொன்னேன்.
"இவ்வளவு தூரம் வந்திட்டன்" என்று தானே வைத்தா.
நான் பொத்தானை அமத்தவில்லை.
அமத்தியதுபோல் நின்றேன்.
இருபது நிமிடம், தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.
நகத்தின் பூச்சு உரிந்தது கூடத் தெரிந்தது.

"இண்டைக்கு ஒண்டும் வரேல்லையே?"
"உங்களிட்ட நஞ்சு இல்லை அன்ரி. குளிசையை முழுசாப் போடுங்கோ.
இந்தப் புண்ணை நாளைக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்கோ."
முகம் விழுந்துவிட்டது அவவுக்கு.
சுத்தமான தண்ணீருக்கு
மூவாயிரத்து ஐந்நூறு கொடுக்க
யாருக்குத்தான் மனம் வரும்.
கொடுக்க வேண்டாம் என்றேன். கோபம் கூடியது.

திங்கட்கிழமை முதலாளியம்மா கேட்டார்,
தண்ணி ஏன் நிறம் மாறேல்லையாம்?
தகடு முடிஞ்சுபோச்சு மிஸ், என்றேன்.
புதுத் தகடு பதினோராயிரம்,
மூன்று தவணையாக என் சம்பளத்தில்.
பளபளவென்றிருக்கிறது. முதல் நாளே
நல்ல கறுப்பாக இறக்கிவிட்டது.

அன்ரி பிறகு வரவில்லை.
தெஹிவளையில் ஓரிடத்துக்குப் போகிறாவாம்.
அங்கே ஐந்தே நிமிடத்தில் வருகிறதாம்.