பிழை எண் 4417

இர்மெக்குக்கு முதல் வரி எழுதிய அன்று
ப்ர்னோவில் ட்ராம் கம்பிகள்மேல் பனி உறைந்திருந்தது.
"என் பின்னால் நிற்காதே."
விண்கலத்தின் கீழ்த்தளத்தில்
நீங்கள் அவனை முதலில் பார்க்கும்போது
அவ்வளவுதான் சொல்வான்.
ஏதோ ஒரு நிலவின் சுரங்கச் சிறையில்
பதினோரு வருடம் கிடந்தவன்.
நிலவும் பெயரும் நான் வைத்தவை.
பதினோரு வருடம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

லுபோர் கேட்டான்: எப்போது திருந்துவான்?
நான்காம் பயணத்தில் அழவிடலாமே,
ஆடுகிறவர்களுக்குப் பிடிக்கும்.
அவன் சுவரில் ஒரு அட்டவணை:
பரிசு கொடுத்தால் ஐந்து புள்ளி,
உயிரைக் காப்பாற்றினால் இருபது,
எழுபதைத் தொட்டதும் பச்சை விளக்கு, நண்பன்.

இரண்டு குளிர்காலம் அந்த அட்டவணையோடு மல்லுக்கு நின்றேன்.
மூன்றாம் பயணத்தில் கதவருகே நிற்பவன்
ஆறாவதில் உட்காருகிறான்,
காலணியைக் கழற்றாமல்.
ஒன்பதாவதில் உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்கிறான்.
சொல்லவாவது செய்கிறான்.
பிடி கொடுக்காத ஒருவனிடம்
இதற்குமேல் என்ன கேட்பது?

ஆனால் எனக்கும் ஆசை விடவில்லை.
பன்னிரண்டாவதற்கு நான்கு பக்கம் எழுதினேன்.
இருட்டு, பசி, பக்கத்துப் படுக்கையில் செத்தவன்,
எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு
"நன்றி" என்கிறான்.
எழுதிவிட்டு நானே அழுதேன், வெட்கமில்லாமல்.

குரல் கொடுக்க ஓலொமோட்ஸிலிருந்து
ஸ்பினியெக் ரயிலில் வந்தார், ஃபிளாஸ்கில் சூப்போடு.
கண்ணாடிப் பெட்டிபோன்ற அந்த அறைக்குள்
இரண்டு தடவை படித்தார்.
மைக்கை மெல்ல நகர்த்தி வைத்தார்.
"இவன் இதைச் சொல்லமாட்டான், வெந்துலா.
இது யாரோ உன்னிடம் சொல்லவேண்டும் என்று
நீ காத்திருந்தது."
கோபம் வந்தது.
முழுநாள் கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.
போகும்போது வெறுமனே ஒருமுறை இருமினார்.
பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்தது.

அதே வாரம், இரவுப் பணியில் க்வெத்தா.
ஆட்டத்தை முப்பத்தொரு முறை முடித்தவள்.
உணர்ச்சி கலக்காத அவள் குறிப்பு:
பிழை எண் 4417.
உயிரைக் காப்பாற்றிய பிறகும் இர்மெக்
சுவரில் முதுகை ஒட்டியே சாப்பிடுகிறான்.
பாதி ரொட்டியைச் சட்டைக்குள் ஒளிக்கிறான்.
பழைய அசைவை அழிக்க மறந்திருக்கிறீர்கள்.
திருத்தவும்.

மறந்துதான் இருந்தேன்.
முதல் வருடம் யாரோ வரைந்து கொடுத்த அசைவு அது.
விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
கடைசி ட்ராம் யாரும் ஏறாமல் போனது.

நான்கு பக்கத்தை அழித்தேன்.
அதன் இடத்தில் ஒரே ஒரு அசைவு கேட்டேன்:
சுவரைப் பார்த்தபடி, உங்களைப் பார்க்காமல்,
சட்டைக்குள்ளிருந்து பாதி ரொட்டியை எடுத்து
பெஞ்சில் வைக்கிறான்.
பிறகு அந்த இருமல்.
அவ்வளவுதான்.
அடுத்த பயணத்தில் மறுபடி ஒளிப்பான்.
மறுபடி, "என் பின்னால் நிற்காதே."

லுபோர் புருவம் உயர்த்தினான்:
இவன் மாறினானா இல்லையா?
எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
சிறையிலிருந்து வந்த என் தம்பி
இன்றும் குளியலறைக் கதவைத் திறந்துவைத்தே குளிக்கிறான்.
போன மாதம் ஒருநாள்
பாதி சாத்தியிருந்தான்.

க்வெத்தாவின் குறிப்பில்
'தீர்வு' என்ற கட்டத்தில் தட்டினேன்:
பிழை அல்ல.
பிழைத்தவன்.
மூடிவிட்டேன்.

பத்தில் எட்டுப் பேர் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டார்கள்.
சுட அடுத்த கிரகம் இருக்கிறது, அவசரம்.
பரவாயில்லை.
யாரும் வராத அந்த அறையிலும்
அவன் நேரத்துக்குச் சாப்பிடுவான்,
சுவரில் முதுகை ஒட்டி,
பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.