ஐந்திலிருந்து

கொக்குவிலில் பழைய சங்கக்கடைக் கட்டடம்.
மா மூடை அடுக்கிய இடத்தில்
ஆசுபத்திரி கழித்த பத்து மெத்தைகள்.
வாசலில் மூன்று படி.
யாரோ வீட்டுக் கதவொன்றை
அதன்மேல் சாய்த்திருக்கிறோம்,
பூட்டு இருந்த ஓட்டையோடு.
சக்கரக் கதிரைகள் கதவின் மேலேறி
உள்ளே வருகின்றன.

சனிக்கிழமை ஒன்பதரை என்று அறிவித்தல்.
பத்தேகால் ஆகும்.
பெனிற்றாவும் தாயும் இரண்டு பஸ் மாறவேணும்,
முதல் பஸ் கதிரையைக் கண்டால் நிற்காது.

முதல் மாதம்
ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணினேன்.
நான் படித்தது அப்படி.
லோஜிதன் நாலுவரைக்கும் சும்மா இருப்பான்.
சொல் காதுக்குள் போய்
தோளுக்கு இறங்க அவனுக்கு அவ்வளவு நேரம்.
ஐந்தில் கை எழும்.
மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போயிருப்பார்கள்.

இப்போது எல்லோரும் ஐந்தில் தொடங்குகிறோம்.
ஒன்றிலிருந்து நாலுவரை எவரும் அசைவதில்லை.
புதிதாகப் பார்க்க வந்தவர்கள்
தட்டுக்கழியைத் தவறவிட்டேனோ என்று
என் கையைப் பார்ப்பார்கள்.

ஆருணி ஏழு கிழமை மேசைக்குக் கீழே.
குட்டிக்கரணம் என்றாலே காதைப் பொத்துவாள்.
எட்டாம் கிழமை
நாங்கள் பிஸ்கட் பெட்டி உடைக்கையில்
தானே போட்டாள்.
எழும்பி, தலைமயிரில் தூசியோடு,
"பாக்கேல்லையோ?"
இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.
கோபம் இன்னும் ஆறவில்லை.

கபிஷனின் வலக்கை விரிவதில்லை.
அதுவும் ஒரு முத்திரைதான், முஷ்டி என்று
ஒருநாள் அழகாகச் சொல்லிவிட்டேன்.
தகப்பன், மேசன், சுவரோடு நின்றவர்,
"இரவில கை இறுகினா அழுவான், ரீச்சர்."
அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம்
சுடுதண்ணீர்த் துவாய்.
பெயரெல்லாம் பிறகு.

ஆண்டுவிழாவுக்கு ஒரு பெரியமனிசர் வந்தார்.
"பாவம், இந்தப் பிள்ளையள்..."
அவ்வளவில் ஒலிவாங்கி செத்தது.
வயர் பெனிற்றாவின் சக்கரத்தில் இழுபட்டுக்
கழன்று கிடந்தது.
அவள் பிரேக்கும் போட்டிருந்தாள்.
வேண்டுமென்றா என்று நான் விசாரிக்கவில்லை.

போன சனி மழை. கரண்டும் இல்லை.
மழைக்கு இந்தச் சுவர்
இன்றைக்கும் மா மணக்கும்.
பாட்டில்லாமல், வாயால் எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
கூரையில் தண்ணீர். வீதியில் ஒரு பஸ்.
மூன்று.
நாலு சொல்ல வாயெடுக்கிறேன்,
லோஜிதனின் கை மேலே நிற்கிறது.

எல்லோரும் பிந்திவிட்டோம்.