மீதி

நாலு மாப்பிள்ளைத் தோழனுக்கும் ஒரே மாதிரி
ஏதாவது வாங்கித் தரணும் என்று
நிச்சயம் ஆன அன்றே சொல்லிவிட்டாள் திலகேஸ்வரி.
கோலாலம்பூர்க் கல்யாணங்களில் அப்படித்தானாம்:
பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல் மாதிரி காகிதம்,
காகிதத்துக்குள் பெயர் வெட்டிய எதுவோ.

நான் பீடோரில் மாப்பிள்ளை.
செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன்.
பெயர் வெட்ட எழுத்துக்கு மூன்று வெள்ளி என்றார்கள்.
புவனேந்திரனை நினைத்தேன்,
கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த கடையில் கைக்கடிகாரம் எடுத்தேன்.
கல்லாவில் இருந்த சீன ஆண்ட்டி
யாருக்கு என்று கேட்டாள்.
டயர் கடை ஆ செங்கும் உண்டு என்றதும்
பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
கடிகாரம் கொடுத்தால்
போகிற நேரத்தைச் சொன்ன மாதிரி ஆகுமாம்.
அப்போ குடை?
"ஜாங்கான்லா, பிரிஞ்சு போவீங்க."
கைக்குட்டை எங்கள் வீட்டிலேயே ஆகாது.
பேனாக்கத்தி கொடுத்தால் சிநேகம் அறும் என்பான் அல்போன்ஸ்,
காலை ஆறு மணி முதல் குலை அறுத்தே பிழைக்கிறவன்.
வாசனைத் திரவியம் என்றால்
கனகேஸுக்கு மூடியைப் பார்த்தாலே தும்மல்.

அன்று ராத்திரி
மூன்று ஐந்து போட்ட கடன் நோட்டை எடுத்தேன்,
எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க.

மண்டபத்து முன்பணம், கனகேஸ், ஐந்நூறு.
வாழை மரம், பந்தல், அல்போன்ஸ், முந்நூறு.
வேனுக்கு இரண்டு டயர், ஆ செங்,
அவன் கையாலேயே எழுதியது,
எட்டு மாதிரி ஒரு மூன்று.
புவனேந்திரன் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.
தாலிக்குப் பவுன் குறைந்த அன்று கொடுத்தான்.
கணக்கு எழுதினால் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றான்.

எந்தத் தாளை எடுத்தாலும்
அது இவன்களில் ஒருத்தன் தாள்.
அல்போன்ஸ் காசில் கனகேஸுக்கு வாங்கி,
கனகேஸ் காசில் அல்போன்ஸுக்கு வாங்கி,
நடுவில் நின்று ரிப்பன் கட்டுகிற வேலை மட்டும் எனது.

கடைசியில் பசார் மாலாமில் நாலு பணப்பை.
தோல் என்றான் விற்றவன்.
மழையில் நனைந்தால் தெரிந்துவிடும்.
வெறும் பையாய்க் கொடுக்கக் கூடாதே என்று
ஒவ்வொன்றிலும் ஒரு நீல நோட்டு, ஒரு வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்துப் பின்னறை.
ஆ செங் வேட்டிக்கு மேல் ஒரு பெல்ட்,
அதை நம்பாமல் இன்னொரு பெல்ட்.
வெளியே நாதஸ்வரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.
நாலு வரி பேச மனப்பாடம் செய்திருந்தேன்.
தலைப்பாகை இறுக்கியதில் நாலும் போயிற்று.
"இந்தாங்கடா" என்றேன்.

கனகேஸ் முகர்ந்து பார்த்துத் தும்மினான்.
ஆ செங் நோட்டை வெளிச்சத்தில் பிடித்து
கடைசி நாலு எண்ணை வாய்விட்டுப் படித்தான்.
"இன்னிக்கு நம்பர் இருக்கு. ஒரு வெள்ளி போடலாம்.
அடிச்சா டயர் காசு வேண்டாம்."
புவனேந்திரன் திறக்கவே இல்லை.
சட்டைப் பையில் போட்டு மேலே ஒரு தட்டுத் தட்டினான்,
தூங்க வைக்கிற மாதிரி.

அல்போன்ஸ்தான் நோட்டை உருவி,
நாலாய் மடித்து,
என் பட்டுச் சட்டைப் பைக்குள் செருகினான்.
"எழுதிக்கோ. ஒண்ணு கழிஞ்சுது.
மீதி இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது."

மாப்பிள்ளையை அழைச்சிட்டு வாங்கோ என்று
குருக்கள் குரல் கொடுத்தார்.
நான் சிரித்த சிரிப்பில்
நெற்றியில் காய்ந்திருந்த சந்தனம் வெடித்தது.
புவனேந்திரன் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து
அழுத்தி ஒட்டப் பார்த்தான், ஒட்டவில்லை.

கல்யாணப் படம் எல்லாவற்றிலும்
அந்தக் கீறல் இருக்கிறது.
திலகேஸ்வரி கேட்கும்போதெல்லாம்
வெயில் என்கிறேன்.