தவறவிடும் புள்ளி

அப்துல்லாபுரத்தை அணுகலாம் என்று
ஆறு பன்னிரண்டுக்கு அனுமதி வந்தது.
சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னேன்:
திசை, உயரம், காற்றழுத்தம்,
ஓடுதளம் தெரியாவிட்டால்
நேரே ஏறி, புள்ளி கடந்து, இடப்பக்கம் திரும்பி
நாலாயிரம் அடியில் காத்திருக்க.

வா என்று சொல்லும்போதே
வராமல் போகும் வழியையும்
கையில் கொடுத்துவிடுகிறார்கள்.
தனியாகக் கேட்க வேண்டியதில்லை.
எந்தக் கல்யாணப் பத்திரிகையின் அடியிலும்
இப்படி ஒரு வரி பார்த்ததில்லை.
என்னுடையதிலும் இல்லை.

தை பிறந்து நாலாம் நாள்.
கீழே பாலாறு இருக்கும், தண்ணீர் இருக்காது;
அதுகூட ஞாபகத்தில் சொல்வதுதான்.
கண்ணாடிக்கு வெளியே
காயப்போட்ட வேட்டிக்குள் தலையை விட்டதுபோல் வெள்ளை.
பின்னால் ஸ்ட்ரெச்சரில்
தூத்துக்குடி உப்பளக்காரர் ஞானதுரை.
அவர் கால்மாட்டில் தங்கை ஜெபராணி,
மடியில் ஸ்கேன் உறை, அதன்மேல் கைப்பை,
அதன்மேல் இரண்டு கையும்.

பக்கத்து இருக்கையில் இர்ஃபான்
உயரத்தை வாசிக்கிறான்.
இன்னும் ஐந்நூறு.
இன்னும் நூறு.
மேல்விஷாரத்தில் அவன் வீடு
இந்த வெள்ளைக்குள் எங்கோ
பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்.
மினிமம், என்றான்.
வெளியே பார்த்தேன்.
வெளியே என்று ஒன்று இல்லை.

அந்த உயரத்திலேயே நிறுத்திப் பிடித்தேன்.
புள்ளிக்கு இன்னும் ஒன்றரை மைல்.
ஓடுதளம் தெரியப்போவதில்லை என்பது
அப்போதே தெரிந்துவிட்டது.
இருந்தாலும் திரும்பக் கூடாது.
ஏறலாம், ஏறிக்கொண்டே போகலாம்,
புள்ளி வரும்வரை அதே கோட்டில்.
பாதியில் மனசு மாறியவர்களுக்கென்று
யாரும் மலைகளை அளந்து வைக்கவில்லை.
தெற்கே பாலமதி:
பெயரில் நிலா, உடம்பெல்லாம் பாறை.

விசை முன்னே. மூக்கு மேலே. சக்கரம் உள்ளே.
முதலில் ஏறு, அப்புறம் திரும்பு,
பேச்சு கடைசியில்.
வீட்டில் நான் முதலில் பேசினேன்.

"இம்புட்டு கிட்ட வந்துட்டு மேல போறியளே?"
திரைக்கு அந்தப் பக்கம் ஜெபராணி.
கிட்டே என்பது கண் இருந்தால்தான், அக்கா,
என்று சொல்லவில்லை.
"கொஞ்சம் பொறுங்க" என்றேன்,
வேலூரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதை.

மேலே வந்தால் வெயில்.
குளிப்பாட்ட இறக்கிய எருமைகளின் முதுகாக
மலைகள் மட்டும் வெள்ளைக்கு வெளியே.
மேலும் அனுமதி ஆறு நாற்பதுக்கு எதிர்பார்க்கவும்,
என்றது ரேடியோ.
ஒரு நிமிடம் போக, ஒரு நிமிடம் வர,
இரண்டு முனையிலும் ஒரு திருப்பம்.
கீழே ஆஸ்பத்திரி வராந்தாவில்
அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள்
டோக்கன் எண் மாறுவதற்காக
சிவப்பு விளக்கைப் பார்த்தபடி இருப்பார்கள்.
அவர்களுக்கு மணி சொல்லப்படவில்லை.

ஆறு முப்பத்தெட்டு.
எரிபொருள் எண்ணை இர்ஃபான் விரலால் தட்டினான்.
இன்னொரு முறை முயலலாம்,
அல்லது சென்னை.
இரண்டுக்கும் காணாது.
சென்னைக்குக் கேட்டேன்.
கிடைத்தது. திருப்பிச் சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது
வேலூரில் பனி விலகிவிட்டதாக
யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது.
இர்ஃபான் என் பக்கம் திரும்பவில்லை.
நல்ல பையன்.

மீனம்பாக்கத்தில் ஆம்புலன்ஸ்
பின்பக்கமாக வந்து நின்றது.
இனி மூன்று மணி நேரம் ரோடு.
ஞானதுரை முகமூடிக்குள் என்னமோ சொன்னார்.
ஜெபராணி எங்களுக்கு எடுத்துச் சொன்னாள்,
கோபம் குறையாத முகத்தோடு:
"பூப்போல எறக்குனியளாம்."

லாக் புத்தகத்தில் எழுதினேன்:
அணுகியது இரண்டு, இறங்கியது ஒன்று.
இறங்காததையும் எண்ணித்தான்
எங்கள் உரிமத்தை நீட்டிக்கிறார்கள்.