பதினேழாம் குடுவை

மூச்சை அடக்கு.
காற்று வரும் பக்கமாக இருபதடி நட.
பிறகு குமிழைத் திற.
சேர்வராயன் உச்சியில் விடியுமுன்
நான் இப்படி நிற்பது யோகம் அல்ல,
சம்பளம்.

குடுவைக்குள் இறங்கும் காற்று
ஊர் பேர் சொல்லாது.
அதன் கரிக்கு எடை உண்டு:
பெரும்பாலும் பன்னிரண்டு, நூற்றில் ஒன்று பதிமூன்று.
காப்பிச்செடி கனமானதைச் சீண்டாது,
இலேசாகப் பார்த்துப் பொறுக்கும்.
மேட்டூர்ப் புகைபோக்கி விடுவதும் இலேசுதான்,
என்றோ செத்த காட்டின் மூச்சு அல்லவா.
ஆனால் அதில் பதினான்கு இருக்காது.
புதைந்து கிடந்த காலத்தில்
ஒன்றுவிடாமல் உதிர்ந்துபோயிருக்கும்.
அடிவாரத்து வெள்ளைக்கல் சூளையோ
பாறைக்குள் பூட்டிய கரியைத் திறந்துவிடுகிறது;
அது கொஞ்சம் கனம்.

அஸ்தம்பட்டி சிக்னலில் உறுமிய லாரியும்
மிளகுக்கொடியின் ராத்திரி மூச்சும்
மேலே வந்து ஒரே வெறும் வானமாய் நடிக்கும்.
ஆமதாபாத்தின் நிறைமானி நம்பாது.

மார்ச்சில் முடிவுகள் வந்தன.
பதினேழு மட்டும் ஒட்டவில்லை.
கரியமிலம் எக்கச்சக்கம்,
வந்து சேர்ந்தது காப்பியும் இல்லை, கல்லும் இல்லை,
பதினான்கும் குறையவில்லை.
சோளம், கரும்பு, கேழ்வரகு வகையறாவின் கைரேகை.
"பக்கத்தில் கரும்புச் சோகை கொளுத்தினார்களா?"
திரையில் கேட்டார் டாக்டர் ஜினேஷ்.
ஏற்காட்டில் ஏது கரும்பு.

நோட்டைப் புரட்டினேன்.
டிசம்பர் ஒன்பது, ஐந்து நாற்பது.
பனி. காற்று நின்றுவிட்டது.
அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

எழுதாதது:
குமிழைத் திறந்த நேரம் தெற்கே பனி கிழிந்தது.
சேலம் முழுக்க, அணைக்காத விளக்குகளோடு,
யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்ததுபோல்
கீழே கிடந்தது.
நான், "அடேயப்பா" என்றேன்.

முந்தைய இரவு எஸ்டேட் லைனில் இருசாயி போட்ட களி,
அவரைக் குழம்பு.
விடியலில் மிச்சக் களியைக் கரைத்த கூழ்.
அந்தக் கேழ்வரகுதான்
என் வாய்வழி ஒரு சொல்லாகிக்
கண்ணாடிக்குள் போய்
ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் பார்சலில் பயணித்து
மூன்று தசம ஸ்தானம்வரை
நிறுக்கப்பட்டிருக்கிறது.

வரிசை பதினேழுக்கு நேரே
'நிராகரிக்கவும்' என்று குறித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'மாதிரி எடுத்தவரின் சுவாசம்.'
வேறென்ன எழுத முடியும்?

ஏப்ரலில் மேலே போனபோது இருசாயி கேட்டாள்:
"காத்துல என்னதான் கண்டுபிடிச்சீங்க?"
"உங்க களிய."
"அதுக்கா ஆமதாபாத்து வரைக்கும்?"
சிரித்தாள். இன்னொரு உருண்டை வைத்தாள்.

காலையில் குடுவை நாற்பத்தொன்று.
பனி கிழிகிறமாதிரி இருந்தது.
தெற்கே திரும்பாமல்
உதட்டைக் கடித்துக்கொண்டு
இருபதடி நடந்தேன்.