நூறாயிரம் ஓம்

"வாயால் செய்து காட்டுங்கள்" என்பேன்
வருகிறவர்களிடம்.
பலர் கூச்சப்படுவார்கள்.
ஆரின் ஹாக்ஸ்டாட் கூச்சப்படவில்லை.
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமலே
கவுண்டரில் இரண்டு முழங்கையும் ஊன்றி
உதடு குவித்து
வாணலியில் பன்றிக்கொழுப்பு பொரிகிற சத்தத்தை எடுத்தார்.
நடுவே இரண்டு தடவை "பட்".

எப்போதிலிருந்து?
"சர்ச் அடித்தளத்தில், மீன் விருந்தன்று."
போட்ட உடனேயா, சூடேறின பிறகா?
தொப்பியைக் கழற்றி யோசித்தார்.
"இரண்டாவது பாட்டில், மார்லிஸ்."
பாதி ரிப்பேர் அந்தப் பதிலிலேயே முடிந்தது.

துலூத்தில் ஜனவரி.
ஏரி உறைந்து
தாதுக் கப்பல்கள் துறையில் கட்டிக்கிடக்கிற மாதம்.
கீழே சலவைக்கடை சுழலும்போதெல்லாம்
என் மேசை லேசாக நடுங்கும்.
அதைக் கழித்துவிட்டுத்தான்
எதையும் கேட்க வேண்டும்.

பின்பலகையைக் கழற்றினேன்.
ஒயரைப் பிடுங்கிய பிறகும்
கண்டென்சர்களுக்குள் நானூறு வோல்ட் விழித்திருக்கும்.
ஒருமுறை மறந்திருக்கிறேன்;
வலது கட்டைவிரலில் வெள்ளைப் புள்ளி, இதோ.
மீட்டரின் முள் படுக்கும்வரை வடித்தேன்.
ஆராய்ந்து பார்த்துவிட்டு
மறுபடி கரண்ட் கொடுத்து
இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
இரண்டு கைகளுக்கும் நடுவில்தானே
இதயத்தை வைத்திருக்கிறார்கள்.

அடியில் உறுமல் இல்லை, வடிகட்டிகள் நலம்.
பவர் வால்வுகளில் தகடு சிவக்கவில்லை.
குமிழைத் திருகினால் கரகரவென்றது,
தூசு, அது யாரிடம்தான் இல்லை.
சீன உணவகத்துக் குச்சியால்
ஒவ்வொரு வால்வாகத் தட்டினேன்.
ஒன்று மட்டும் மணிபோலத் திருப்பிச் சொன்னது.
இருக்கட்டும், அது கேட்டதற்குப் பதில்.
நான் தேடுவது
யாரும் கேட்காமலே பேசுவதை.

இருபது நிமிடம் கழித்து வந்தது.
உஸ்ஸ்ஸ். பட். உஸ்ஸ்.
வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்; குறையவில்லை.
முதல் வால்வைப் பிடுங்கினேன்; குறையவில்லை.
இரண்டாவதைப் பிடுங்கியதும்
அறையில் சலவை இயந்திரம் மட்டும்.
அகப்பட்டாய் என்று
புது வால்வைச் செருகினேன்.
உஸ்ஸ்ஸ். பட்.

பழைய வால்வு நிரபராதி.
அதன் தகட்டுக்குப் போகிற வழியில்
ஒரு பீன்ஸ் விதை அளவு கரித்துண்டு.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்:
நூறாயிரம் ஓம் என்கின்றன வளையங்கள்.
எல்லாவற்றையும் அணைத்து, வடித்து,
அதன் ஒரு காலைத் தூக்கி அளந்தேன்.
நூற்று முப்பதாயிரம். நாற்பது.
மறுபடி முப்பது.
உடையவில்லை.
ஐம்பது வருடம் வோல்ட்டுகளைச் சுமந்ததில்
ஓரிடத்தில் நிற்க மட்டும்
மறந்துபோயிருந்தது.

புதிய ரெசிஸ்டர் முப்பது சென்ட்.

வியாழக்கிழமை வந்தார்.
ஸ்விட்சைப் போட்டுவிட்டு
ஓடுகிறதா என்று சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தார்.
ஒரு வால்ட்ஸ் ஆரம்பித்தார்.
பாதியில் நிறுத்தினார்.
அதே இடத்தை மறுபடி வாசித்தார்.
"சுண்டுவிரல் கம்பியை முழுசாக அழுத்தவில்லை."
எத்தனை நாளாக?
"எனக்கெப்படித் தெரியும்?
பொரிகிற சத்தம் இருந்ததே."

அறுபத்தைந்து டாலரை எண்ணி வைத்தார்.
பழையது இருக்கிறதா என்றார்.
கொடுத்தேன்.
சட்டைப்பையில் போட்டு
பொத்தானை மாட்டிக்கொண்டார்.
நான் தூக்கி வருகிறேன் என்றதற்கு
கையை மட்டும் அசைத்தார்.

பத்தொன்பது படிகள்.
ஒவ்வொன்றிலும் பெட்டியை இறக்கி வைக்க
உள்ளே ரிவெர்ப் ஸ்பிரிங் குலுங்கியது,
ஜங், ஜங்.
பதினொன்றில் நின்றது.
குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு
மேசையருகே அசையாமல் இருந்தேன்.
கீழே இயந்திரங்கள்கூட ஓய்ந்திருந்தன.

பிறகு பன்னிரண்டு.