முகம் வராத பக்கங்கள்

பிப்ரவரியில் சில நாள் திபிலீசியில்
தண்ணீர்ச் சாயம் தாளிலேயே உறைந்துவிடும்.
அதனால் கிண்ணத்தில் கொஞ்சம் சாச்சா ஊற்றிக்கொள்வேன்,
திராட்சைச் சக்கையில் காய்ச்சிய, தொண்டையை அறுக்கும் சரக்கு.
ஆற்றை வரைந்த பக்கத்தைத்
தெருநாய் ஒன்று முகர்ந்துவிட்டுத் தும்மியது.
அன்றைக்கு ஆறும் அந்த நிறம்தான்:
கழுவாத தேநீர்க் கோப்பையின் அடி.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பிளாஸ்டர் தாடைகள் என் மேசையில் வரிசையாக
யாரையும் கடிக்காமல் காத்திருக்கும்.
மதியம் நாற்பது நிமிடம் எனக்கு.
ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பென்சில்,
நகக்கண்ணில் போகாத வெள்ளைப் பொடி.

எதிரே ரொட்டிக்கடை.
நடைபாதைக்குக் கீழே அதன் சன்னல்.
அடுப்பு ஒரு கிணறு மாதிரி;
ரொட்டிக்காரர் மாவை நீட்டிப் பிடித்துத்
தலைகீழாய் உள்ளே பாய்வார்,
கால்கள் தரையை விட்டு எழும்பும்.
நான் பார்ப்பது இடுப்புக்குக் கீழே மட்டும்:
பின்பாக்கெட்டில் நீல நூல் தையல்,
குதிகால் மிதித்து நசுங்கிய செருப்பு.
அவர் நிமிர்வதற்குள் ஒரு வேன் வந்து மறைக்கும்,
இல்லாவிட்டால் யாராவது
ஐந்து ரொட்டி கேட்டுக் குனிவார்கள்.

வசந்தம் என் நோட்டில் இரண்டே பக்கம்.
மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தேன்.
இடது கையால் வரைந்த பாதாம் மரம்
யாரோ வாசலில் எறிந்த குடை மாதிரி வந்தது.
கிழிக்கவில்லை.
ஆலங்கட்டி மழைக்குப் பிறகு
மரமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றது.

ஜூலை. ஊரில் பாதி மலைக்குப் போய்விட்டது.
மீதிப் பாதி நிழலை ஒட்டி நடக்கிறது.
லிப்ட்டுக்குக் காசு போட வேண்டிய எங்கள் கட்டடத்தில்
சில்லறை இல்லாத தர்பூசணிக்காரன்
பழத்தைத் தோள் மாற்றித் தோள் மாற்றி
எட்டு மாடி ஏறினான்.
திருப்பத்துக்கு ஒரு கோடு போட்டேன்.
ஐந்தாம் மாடியில் அவன் உட்கார்ந்த இடத்தில்
கரியை அழுத்தித் தேய்த்தேன்.

சூரியகாந்தி விதை விற்கும் சியாலா
தன் படத்தைப் பார்த்துச் சொன்னாள்:
"மூக்கு சரி. அந்தப் பையை எடுத்துவிடு.
ஏதோ விற்கிறவள் மாதிரி இருக்கிறேன்."
அழித்தேன். பை போன பின்
கைகளுக்குப் போக்கிடமில்லை.
அவளே பென்சிலை வாங்கி
மடியில் ஒரு பூனையை வைத்தாள், மூன்று காலோடு.
"நாலாவது அடியில் இருக்கிறது," என்றாள்.

அக்டோபரில், பாலத்துச் சந்தையில்,
சரவிளக்கைப் பிரித்துக் கண்ணாடித் துளியாக விற்பவர்
வரைந்ததற்குக் காசு கேட்டார்.
லிப்ட்டுக்கு வைத்திருந்ததைக் கொடுத்தேன்.
அன்று எட்டு மாடி நான் ஏறினேன்.
மேலிருந்து பார்த்தால்
இலையெல்லாம் உதிர்ந்த மரத்தில் பெர்சிமன் பழங்கள்.
ஆரஞ்சுச் சாயம் பாதியில் தீர,
மிச்சத்தைப் பென்சிலால் எழுதினேன்:
இங்கே இன்னும் ஏழு பழம்.

நவம்பரில் ஒரு தாடை வந்தது.
ஈரச் சீட்டில்: ஜெமால், ரொட்டிக்கடை,
கீழ்வரிசைக் கடைவாய், அவசரமில்லை.
எடுத்துத் திருப்பினேன்.
வலப்பக்கமே மென்று தேய்ந்த பற்கள்.
முன்பல்லின் விளிம்பில் சின்னப் பள்ளம்,
வருடக்கணக்காய் நூல் கடித்தால் விழுவது.
நீல நூல், என்று நினைத்துக்கொண்டேன்.
அவர் முதுகு என்னிடம் பதினோரு பக்கம்.
இப்போது வாயின் உள்புறமும்.
நடுவில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை.

பொருத்துகிற அன்று
டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டார்.
கதவு பாதி திறந்திருந்தது.
எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம்.
பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே கூராக இருந்ததை.

ஜனவரி. மதியம். பொடிப்பனி.
சன்னலுக்குள் அதே பாக்கெட், இம்முறை சிவப்பு நூல்.
கால்கள் எழும்பின.
சாச்சா தீர்ந்துபோய்க் கிண்ணத்தில் வெறும் தண்ணீர்;
முழங்கால் வரை வந்த சாயம்
அங்கேயே உறைந்து நின்றது.